வீசாட்: சீனாவில் படிக்கப் போகிறவர் கையில் இருந்தே தீர வேண்டிய செயலி, குறை நிறைகளோடு

சீனப் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு மாணவர்கள் அறிமுகமாகும்போது பெயருக்கு அடுத்தபடியாக வரும் கேள்வி ஒன்றுதான்: "நான் உன்னை ஸ்கேன் பண்ணட்டுமா, நீ என்னைப் பண்ணுகிறாயா?" அதாவது, யாருடைய கியூஆர் கோடை யார் படம்பிடிப்பது. அந்த நொடியில் வீசாட் இல்லாத மாணவர் அங்கே பாதி ஆள்தான். வகுப்பு மாறிய செய்தி, விடுதியின் மின்கட்டணம், சலவை இயந்திரம், சாப்பாட்டுக் கணக்கைப் பிரித்துக்கொள்வது, பேராசிரியரிடம் விடுப்புக் கேட்பது எல்லாம் இந்த ஒரு செயலிக்குள்தான் நடக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அன்றாட வேலைகளுக்கு வீசாட்டுக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். சீன நண்பர்களைப் பெறுவதற்கு மூன்று. அதுவும் அதன் பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொண்டவருக்கு மட்டும். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவோடு பேசுவதற்கு, தமிழ்நாட்டிலிருந்து போனவர் என்றால், பூஜ்யம். இந்த மூன்று மதிப்பெண்ணுக்கும் காரணங்கள் கீழே இருக்கின்றன.

ஷென்ஜென் நகரத்து டென்சென்ட் நிறுவனம் 2011 ஜனவரியில் வெளியிட்டது இது. சீனாவுக்குள் இதன் பெயர் வெய்ஷின், வெளியுலகுக்கு வீசாட். பெயர் மட்டும்தான் வேறு என்று நினைக்க வேண்டாம். 86இல் தொடங்கும் சீன எண்ணில் பதிந்தால் அது வெய்ஷின் கணக்கு, சீனச் சட்டங்களும் விதிமுறைகளும் அதற்குப் பொருந்தும். வெளிநாட்டு எண்ணில் பதிந்தால் விதிமுறை வேறு, சில வசதிகளும் வேறு. படிக்கப் போகிறவருக்கு ஏற்றது சீன எண்ணில் பதிந்த கணக்குதான். பணம் செலுத்துவது முதல் வளாகச் சேவைகள் வரை எல்லாம் அதில்தான் சிக்கலில்லாமல் ஓடும்.

பதிவில் எங்கே முட்டும்

சிம் வாங்கப் பாஸ்போர்ட் போதும். சைனா மொபைல், சைனா யூனிகாம், சைனா டெலிகாம் என்ற மூன்று நிறுவனங்களும் சேர்க்கைக் காலத்தில் பல வளாகங்களில் மேசை போட்டு விற்கின்றன. எண் கிடைத்ததும் வீசாட்டில் பதியத் தொடங்கினால், பெரும்பாலும் ஒரு இடத்தில் நிற்கும்: ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் உங்கள் திரையில் உள்ள கோடை ஸ்கேன் செய்து, "இவர் உண்மையான ஆள்தான்" என்று உறுதி சொல்ல வேண்டும்.

அந்த ஒருவர் யாராகவும் இருந்துவிட முடியாது. அவருடைய கணக்கு போதிய அளவு பழையதாக இருக்க வேண்டும். கடந்த ஒரு மாதத்துக்குள் வேறு யாருக்கும் இப்படி உறுதி சொல்லியிருக்கக் கூடாது. ஒரே விமானத்தில் இருபது பேர் வந்து இறங்கி, அழைத்துப்போக வந்த ஒரு சீனியர் அண்ணனின் போனையே எல்லோரும் நம்பியிருந்தால், முதலாமவரோடு கதவு மூடிக்கொள்ளும். மீதிப் பத்தொன்பது பேரும் மறுபடி மறுபடி முயன்றால் எண்ணே தற்காலிகமாகத் தடைபடலாம். எனவே ஆளுக்கு ஒரு உறுதி சொல்பவரை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக் காப்பாளர், பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் தன்னார்வலர்கள், வேறு நாட்டு சீனியர்கள் என்று பலர் உதவுவார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அங்கே இது தினசரி நடக்கும் உதவிதான்.

புதுக் கணக்கை முதல் சில நாள்கள் அடக்கமாகப் பயன்படுத்துங்கள். பதிந்த அன்றே ஐம்பது பேரைச் சேர்ப்பதும், ஒரே செய்தியை வரிசையாகப் பலருக்கு அனுப்புவதும் விளம்பரக் கணக்கின் நடத்தை போலத் தெரியும், கணக்கு முடக்கப்படும். முடங்கிய கணக்கைத் திறக்கவும் ஒரு நண்பரின் உறுதி தேவைப்படும்.

தமிழ்ப் பெயர்களும் பெயர்க் கட்டங்களும்

நம்மவர்களுக்கு இந்தச் செயலியில் உண்மையான தலைவலி இதுதான், இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. அப்பா பெயரை முதலெழுத்தாகப் போட்டுக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே கட்டத்தில் இருக்கும், சிலருக்கு குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். சீன வங்கி மென்பொருளும் வீசாட்டும் இப்படி ஒரு வழக்கத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

விளைவு என்ன? கார்த்திக் முருகன் என்ற பெயரை ஒரு வங்கி ஊழியர் "முருகன் கார்த்திக்" என்று பதிவார். இன்னொருவர் இடைவெளி விடாமல் "முருகன்கார்த்திக்" என்று பதிவார். சிம் கடைக்காரர் "கார்த்திக்" என்பதோடு நிறுத்திவிடுவார். வீசாட் கட்டண வசதியில் வங்கி அட்டையை இணைக்கும்போது பெயர், பாஸ்போர்ட் எண், வங்கியில் கொடுத்த கைபேசி எண் ஆகிய மூன்றும் வங்கிப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு இடைவெளி கூடிக் குறைந்தாலும் "தகவல் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பும். எது பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லாது. நீளமான பெயர்களுக்கு மேலும் ஒரு இடர் உண்டு: பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயருக்கு 39 இடங்கள்தான். அதற்கு மேல் போனால் பெயர் வெட்டுப்படும். வங்கி இயந்திரம் அந்த வரியைப் படித்தால் வெட்டுண்ட பெயரே பதிவாகும்.

தவிர்க்கும் வழி இது. முதலில் சிம், அடுத்து வங்கி, கடைசியில் அந்த வங்கி அட்டையை வீசாட்டில் இணைப்பது என்ற வரிசையை மாற்றாதீர்கள். சிம் வாங்கும்போதே, ரசீதில் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். வங்கியில் அந்தப் படத்தைக் காட்டி, அதே வரிசையில், அதே இடைவெளியோடு பதியச் சொல்லுங்கள். கணக்குத் திறந்ததும், மென்பொருளில் பெயர் எப்படி இருக்கிறதோ அதை ஒரு தாளில் அச்சிட்டுத் தரக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். வீசாட்டில் பெயரை நிரப்பும்போது பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் அந்தத் தாளைப் பாருங்கள். மூன்று முறை தவறினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், தொடர்ந்து முயன்றால் பூட்டிக்கொள்ளும்.

படிப்புக் காலத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நேர்ந்தால் எண் மாறிவிடும். அப்போதும் இதே வரிசையில் சிம், வங்கி, வீசாட் மூன்றிலும் மாற்ற வேண்டும். பாஸ்போர்ட்டோ தங்கும் அனுமதியோ காலாவதியான தேதி வங்கிப் பதிவில் இருந்தால் வங்கி கணக்கை நிறுத்திவைக்கும். வீசாட்டில் பணம் போகாமல் நின்ற பிறகுதான் பலருக்கும் அது தெரியவரும்.

வங்கிக் கணக்கு வரும்வரை

எக்ஸ்1 என்னும் நீண்டகாலப் படிப்பு விசாவில் போகிறவர் சீனாவுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனை, காவல்துறையின் தங்குமிடப் பதிவு எல்லாம் தேவை. சில வங்கிகள் அந்த அனுமதி கைக்கு வந்த பிறகே கணக்குத் திறக்கின்றன. இடைப்பட்ட வாரங்களில் கைகொடுப்பது ஊரிலிருந்து கொண்டுபோகும் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டை. 2023 ஜூலை முதல் வீசாட்டில் இவற்றை இணைப்பது எளிதாகியிருக்கிறது. 200 யுவானுக்கு உட்பட்ட ஒவ்வொரு செலுத்தலுக்கும் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். 260 யுவானுக்குப் பொருள் வாங்க வேண்டியிருந்தால், கடைக்காரர் சம்மதித்தால், இரண்டாகப் பிரித்துச் செலுத்துவது லாபம்.

இந்திய அட்டைகளில் இரண்டு விஷயங்களை ஊரிலேயே முடித்துவிட வேண்டும். 2020க்குப் பிறகு வந்த அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும்; வங்கிச் செயலியில் நீங்களேதான் திறக்க வேண்டும். இரண்டாவது, ஒருமுறைக் கடவுச்சொல் இந்திய எண்ணுக்குத்தான் வரும். ஆகவே இந்திய சிம்மை ரோமிங்கோடு உயிருடன் வைத்திருங்கள். இரண்டு சிம் போடும் போன் இங்கே ஆடம்பரம் அல்ல.

வெளிநாட்டு அட்டையைக் கடைக்குச் செலுத்துவதற்கு மட்டும் நம்புங்கள். நண்பருக்குப் பணம் அனுப்புவது, ஹோங்பாவ் என்னும் சிவப்பு உறை கொடுப்பது, சாப்பாட்டுச் செலவைப் பிரிப்பது போன்றவற்றுக்குச் சீன வங்கிக் கணக்கு வேண்டும். நட்பு வட்டத்தில் இது சின்னக் குறை அல்ல, கீழே வருகிறது.

செயலிக்குள் இருக்கும் குட்டிச் செயலிகள்

2017 ஜனவரியில் வந்த மினி புரோகிராம்கள்தான் வீசாட்டுக்கு நாலரை மதிப்பெண் வாங்கித் தருபவை. தனியாகப் பதிவிறக்க வேண்டாம், ஒரு கோடை ஸ்கேன் செய்தால் திறந்துகொள்ளும். விடுதி அறையின் மின்சாரம் முன்பணம் கட்டும் முறை. தீர்ந்தால் இரவில் விளக்கு அணையும், அங்கேயே கட்டலாம். சலவை இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் கோடை ஸ்கேன் செய்தால் இயந்திரம் ஓடும், முடிந்ததும் செய்தி வரும். வாடகை மிதிவண்டி, நூலக இருக்கை முன்பதிவு, கூரியர் பொட்டலத்தின் எடுப்பு எண், மருத்துவமனைச் சீட்டு என்று நீளும். பல மினி புரோகிராம்கள் சீன மொழியில் மட்டுமே இருக்கும். திரையைப் படம் எடுத்து, அந்தப் படத்தை அழுத்திப் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னால் வேலை நடக்கும். அடையாள எண் கேட்கும் கட்டங்களில் பாஸ்போர்ட் என்ற தேர்வே இல்லாத சில இருக்கின்றன. அங்கே போராடிப் பயனில்லை, நேரில் போய் முடிப்பதே வேகம்.

நட்பு என்ற பகுதி

பல பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி விடுதி. ஆங்கில வழி மருத்துவம் போன்ற படிப்புகளில் வகுப்பும் தனி. சீன மாணவர்களுக்கு முதலாண்டின் தொடக்கத்தில் ஜூன்ஷுன் என்ற படைப்பயிற்சி நடக்கும். வெயிலில் ஒன்றாக நின்று அவர்கள் நண்பர்களாகும் அந்த நாள்களில் வெளிநாட்டு மாணவர் இருப்பதில்லை. ஆகவே சீன நட்பு தானாக வந்து மடியில் விழாது. வீசாட் அதற்கு ஒரு கதவைத் திறந்துவைக்கிறது, நுழையும் முறை மட்டும் நம் ஊர்ப் பழக்கத்திலிருந்து வேறுபட்டது.

நீல டிக் கிடையாது. கடைசியாக எப்போது வந்தார் என்பது தெரியாது. செய்தியைப் படித்தாரா இல்லையா என்று அறிய வழியே இல்லை. வாட்ஸ்அப்பில் வளர்ந்தவர்களுக்கு முதல் மாதம் இது தவிப்பாக இருக்கும். பதில் வரவில்லை என்றால் ஒதுக்குகிறார்கள் என்று மனம் சொல்லும். இந்தச் செயலியின் மிக நல்ல குணங்களில் ஒன்று இது என்பது போகப் போகத்தான் தெரியும். படித்துவிட்டுப் பதில் போடாத குற்ற உணர்வு யாருக்கும் இல்லை, மறுநாள் பதில் வருவது சகஜம்.

செய்தியை எப்படித் தொடங்குவது என்பதில் கவனம் தேவை. "ஸாய் மா", அதாவது "இருக்கிறாயா?" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது சீன மாணவர்களுக்கே எரிச்சல் தரும் பழக்கம், கடன் கேட்கப் போகிறவர் தொடங்கும் தொடக்கம் போல இருக்கும். வணக்கத்தையும் விஷயத்தையும் ஒரே செய்தியில் சொல்லிவிடுங்கள். மாறாக "சாப்பிட்டாயா?" என்று யாராவது கேட்டால் தமிழருக்கு விளக்கமே தேவையில்லை. நாம் கேட்கிற அதே அர்த்தத்தில்தான் அவர்களும் கேட்கிறார்கள். "இன்னொரு நாள் உனக்குச் சாப்பாடு வாங்கித் தருகிறேன்" என்பதும் நம் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" போன்றதே. நாள் குறித்துச் சொன்னால்தான் அழைப்பு. குறிக்காத வரை அன்பு மட்டும்.

மஞ்சள் முகம் மெல்லச் சிரிக்கும் அந்தச் சாதாரண ஸ்மைலி இளையவர்களிடையே சிரிப்பு அல்ல. பேச்சை முடித்துக்கொள்கிறேன், உன்மேல் சலிப்பாக இருக்கிறது என்ற தொனி அதற்கு உண்டு. "ஹெஹெ" என்று எழுதுவதும் அப்படித்தான். சிரிப்பதற்கு வேறு முகங்களும் ஸ்டிக்கர்களும் ஏராளம். நண்பர்கள் அனுப்பும் ஸ்டிக்கரை அழுத்திப் பிடித்துச் சேமித்து, அதையே அவர்களிடம் திருப்பி அனுப்புவது நெருக்கத்துக்கு நல்ல வழி.

உறவுமுறை சொல்லி அழைப்பதில் நமக்குப் பெரிய வசதி இருக்கிறது. மூத்த மாணவியை ஷ்வேஜியே என்றும் மூத்த மாணவரை ஷ்வேஜாங் என்றும் அழைப்பார்கள். ஒரே வழிகாட்டியின் கீழ் ஆய்வு செய்பவர்களுக்குள் ஷீஜியே, ஷீஷியோங். அக்கா, அண்ணா என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது தானாக வரும். ஆசிரியர் என்றால் குடும்பப் பெயரோடு லாவ்ஷீ சேர்க்க வேண்டும். அலுவலக ஊழியருக்கும் லாவ்ஷீ போடுவது மரியாதை. பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வகுப்புக் குழுவில் ஆசிரியர் அறிவிப்புப் போட்டால் ஒவ்வொருவரும் "ஷோவ்தாவ்", அதாவது "கிடைத்தது", என்று பதில் போடுவார்கள். நாற்பது பேர் அதையே போட்டிருந்தாலும் நீங்களும் போட வேண்டும். போடாதவர் பெயர் தனியாகக் கேட்கப்படும். ஆசிரியரின் படத்தை இரண்டு முறை தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "இன்னார் இன்னாரைத் தட்டினார்" என்று குழுவிலேயே அறிவிப்பு விழும். தவறிச் செய்துவிட்டால் இரண்டு நிமிடத்துக்குள் அழுத்திப் பிடித்துத் திரும்பப் பெறலாம். செய்திகளுக்கும் அதே இரண்டு நிமிடம்தான். ஆனால் "திரும்பப் பெற்றார்" என்ற வரி நிற்கும். குரல் செய்தி அதிகபட்சம் 60 விநாடி. ஆசிரியருக்கும் புதியவருக்கும் குரல் செய்தி வேண்டாம், கூட்டத்தில் இருப்பவர் கேட்க முடியாது. உங்களுக்கு யாராவது அனுப்பினால் அழுத்திப் பிடித்து எழுத்தாக மாற்றி, அதை மொழிபெயர்க்கலாம். வட்டார உச்சரிப்பு கலந்த பேச்சில் இந்த மாற்றம் தடுமாறும்.

ஒருவரைச் சேர்த்த அந்த நிமிடமே அவர் பெயருக்குக் குறிப்பு எழுதுங்கள். சீன மாணவர்கள் பலர் படத்தையும் புனைபெயரையும் அடிக்கடி மாற்றுவார்கள். ஒரு மாதத்தில் பூனைப் படம் போட்ட ஆறு பேர் இருப்பார்கள், யார் யார் என்று தெரியாது. பெயர், துறை, எங்கே சந்தித்தது என்ற மூன்றும் குறிப்பில் இருந்தால் போதும். அந்தக் குறிப்பு உங்களுக்கு மட்டுமே தெரியும்.

மொமென்ட்ஸ் என்ற நண்பர் வட்டப் பகுதி ஃபேஸ்புக் போலத் தோன்றினாலும் அடக்கமானது. ஒருவரின் பதிவில் நீங்கள் எழுதும் கருத்து, உங்கள் இருவருக்கும் பொது நண்பராக இருப்பவருக்கு மட்டுமே தெரியும். இருநூறு பேர் விரும்பிய பதிவிலும் உங்களுக்கு நாலு பெயர்தான் தெரியலாம். அதைப் பார்த்து அவருக்கு நண்பர்களே இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். ஒருவர் பக்கத்தைத் திறந்தால் ஒரு கோடும் "கடைசி மூன்று நாள்" என்ற குறிப்பும் மட்டும் இருக்கின்றனவா? கடைசி மூன்று நாள் பதிவுகளை மட்டும் காட்டும் அமைப்பை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். விற்பனைக்காரர், வீட்டுத் தரகர் போன்றவர்களைச் சேர்க்கும்போது "உரையாடல் மட்டும்" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் படங்கள் அவர்களுக்குப் போகாது.

யூபான் என்ற மொழித்துணை முறை நட்புக்கு மிகச் சரியான தொடக்கம். பாதி நேரம் சீனம், பாதி நேரம் ஆங்கிலம் என்று பேசிக்கொள்வது. குழுவில் அறிவிப்புப் போடும்போது வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எந்த இடம் என்று எழுதினால் பதில் வரும். "நண்பர்கள் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் வராது. முதல் நாலைந்து சந்திப்புகள் நேரில் நடந்தால்தான் பிறகு வீசாட் உரையாடலுக்கு உயிர் இருக்கும்.

குழுக்களைப் பற்றி இரண்டு நுட்பங்கள். குழுவின் கியூஆர் கோடு ஏழு நாள்தான் செல்லும். சுவரொட்டியில் பழைய கோடு இருந்தால் ஸ்கேன் செய்து பயனில்லை. உறுப்பினர் 200ஐத் தாண்டினால் கோடு வழியாகச் சேரவே முடியாது, உள்ளே இருப்பவர் அழைக்க வேண்டும். இளங்கலை மாணவர்களிடையே கியூகியூ என்ற பழைய செயலியும் இன்னும் வாழ்கிறது. வகுப்புக் கோப்புகள் அங்கே நிலைத்து நிற்கும் என்பதால் சில துறைகள் அதையே பயன்படுத்துகின்றன. இரண்டையும் வைத்திருங்கள்.

சிவப்பு உறையும் எண்களும்

பண்டிகை நாளில் குழுவில் ஹோங்பாவ் விழுந்தால் தட்டி எடுப்பதில் தவறில்லை. அதில் வருவது சில சமயம் 0.37 யுவான், மகிழ்ச்சி மட்டும் பெரிது. எடுத்துக்கொண்டால் நன்றி சொல்லும் ஸ்டிக்கர் ஒன்று போடுவது முறை. எப்போதும் எடுத்துக்கொண்டு ஒருபோதும் போடாதவரைக் கவனிப்பார்கள். சீனப் புத்தாண்டில் பத்து யுவானைப் பத்துப் பங்காகப் போட்டாலும் போதும். சாதாரண நாளில் ஓர் உறையின் உச்சம் 200 யுவான். 24 மணி நேரத்தில் எடுக்கப்படாதது திரும்பிவிடும்.

எண்களில் அர்த்தம் இருக்கிறது. 6, 8 மங்கலம். 4 மரணம் என்ற சொல்லின் ஒலியோடு ஒத்தது, தவிர்க்க வேண்டும். 5.20 என்றால் "உன்னைக் காதலிக்கிறேன்" என்ற ஒலி. தோழிக்குத் தேநீர்க் காசு திருப்பித் தரும்போது தற்செயலாக அந்தத் தொகை வந்தால் 5.50 அனுப்புங்கள். 250 என்பது முட்டாள் என்ற வசவு.

கூட்டாகச் சாப்பிட்டால் ஒருவர் மொத்தத்தையும் கட்டிவிட்டுக் குழுவில் பங்கு கேட்பார். அன்றே கொடுத்துவிடுங்கள். சீன வங்கிக் கணக்கு இன்னும் வராதவர், "அடுத்த முறை நான் கட்டுகிறேன்" என்று முன்பே சொல்லிவிட்டு, அடுத்த முறை வெளிநாட்டு அட்டையில் கடைக்கு முழுத் தொகையையும் கட்டுவது கௌரவமான தீர்வு.

ஊரோடு பேச உதவாது

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. வாட்ஸ்அப், கூகுள், ஜிமெயில், யூடியூப் சீனாவில் திறக்காது. ஆக, தமிழ்நாட்டு வீட்டிலும் சீன விடுதியிலும் ஒருசேர வேலை செய்யும் வழியை விமானம் ஏறும் முன் முடிவு செய்ய வேண்டும். இரு பக்கமும் ஆப்பிள் கருவி இருந்தால் ஃபேஸ்டைம் ஓடும். இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவில் வாட்ஸ்அப் திறக்கும், ஏனெனில் அந்த இணையம் ஊர் நிறுவனத்தின் வழியாகவே போய்வருகிறது, செலவுதான் அதிகம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் தமிழ் மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் பாதிதான். வீட்டில் ஒருவர் வீசாட்டில் பதிந்தால் வீடியோ அழைப்புத் தெளிவாகவே இருக்கும்.

கணக்கையும் படிப்பையும் கெடுக்கும் விஷயங்கள்

மாணவர் குழுக்களில் "யுவான் வேண்டுமா, ரூபாய் கொடுத்தால் போதும்" என்று செய்திகள் வரும். எவ்வளவு நல்ல விகிதமாக இருந்தாலும் தொடாதீர்கள். முகம் தெரியாதவர் உங்கள் கணக்குக்கு அனுப்பும் யுவான் மோசடிப் பணமாக இருந்தால் முடக்கப்படுவது உங்கள் வங்கிக் கணக்கு. 2022 டிசம்பர் 1 முதல் தொலைத்தொடர்பு, இணைய மோசடிக்கு எதிரான தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பும்போது சிம்மையோ வங்கி அட்டையையோ வீசாட் கணக்கையோ விற்பதும் வாடகைக்கு விடுவதும் குற்றம். காவல்துறை என்று சொல்லிப் பணம் மாற்றச் சொல்லும் அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு 96110 என்ற மோசடித் தடுப்பு எண்ணில் கேளுங்கள். ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேவை என்ற பகுதிநேர வேலை விளம்பரங்களும் அப்படித்தான். பல்கலைக்கழக ஒப்புதலும் தங்கும் அனுமதியில் அதற்கான குறிப்பும் இல்லாமல் வேலை செய்தால் அபராதத்தோடு நிற்காது.

குழுவில் எழுதுவது தனிப்பேச்சு என்று எண்ண வேண்டாம். அரசியல், மதம், வதந்தி ஆகியவை கணக்கை முடக்கும், சில நேரம் மாணவர் அலுவலகத்திலிருந்தும் அழைப்பு வரும்.

கிளம்பும் முன்

வீசாட்டின் பெரிய தொழில்நுட்பக் குறை, உரையாடல்கள் உங்கள் போனில் மட்டுமே இருப்பது. போன் தொலைந்தால் நான்கு ஆண்டுப் பேச்சும் படமும் போய்விடும். புதுப் போன் வாங்கினால் இரண்டையும் ஒரே வைஃபையில் வைத்து, அமைப்புகளில் உள்ள இடமாற்ற வசதியால் நகர்த்த வேண்டும். பல மணி நேரம் ஆகலாம், திரை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழுவில் வந்த கோப்பை அன்றே திறந்து சேமியுங்கள், திறக்காமல் விட்டால் சில நாளில் காலாவதியாகும். செயலி விழுங்கும் இடமும் கொஞ்சமல்ல, 128 ஜிபிக்குக் குறைந்த போன் இரண்டாம் ஆண்டிலேயே திணறும்.

படிப்பு முடிந்து சீன சிம்மை விட்டுவிட்டால் அந்த எண் பிறகு வேறொருவருக்குப் போகும். அதற்குள் வீசாட்டின் கடவுச்சொல்லை அமைத்து, மின்னஞ்சலை இணைத்து, எண்ணை மாற்றிவிட வேண்டும். வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன் வீசாட் இருப்பில் உள்ள பணத்தை வங்கிக்கு எடுத்துவிடுங்கள்.

இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அங்கே வீசாட்டை நம்பி நட்பை விட்டுவர முடியாது. நெருங்கிய நண்பர்களிடம் மின்னஞ்சல் முகவரி கேளுங்கள்; கியூகியூ வைத்திருக்கும் யாருக்கும் அதன் எண்ணிலேயே ஒரு முகவரி இருக்கும், அவர்களே அதை மறந்திருப்பார்கள். அந்த முகவரிக்கு நீங்கள் ஊரில் பயன்படுத்தப் போகும் முகவரியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பி, அது குப்பைப் பெட்டியில் விழவில்லையா என்று நண்பரை அருகில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, பிறகு விமானம் ஏறுங்கள்.